தடித்த வயர் போடாதே

மார்ச் 3

தம்பிக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. நான்கு மாதமாக நீயும் ஒரு வரி போடவில்லை, நானும் போடவில்லை. இதுவும் உனக்காக எழுதுவதல்ல, காருக்காக எழுதுவது. உங்கள் குவாரியில் போன் கிடையாது, வாரம் இரண்டு தடவை தபால் வேன் வரும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அதனால் இந்தக் காகிதம்.

கார் காலையில் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று சத்தம், அவ்வளவுதான். போன திங்கட்கிழமை ஒரு பெண்ணைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். அவளைப் பின் சீட்டில் படுக்க வைத்துவிட்டுச் சாவியைத் திருப்புகிறேன், உயிரே இல்லை. தெருவே கூடித் தள்ளியது. அவளுடைய மாமியார் தள்ளினாள், எதிர்வீட்டுக்காரர் தள்ளினார். கடைசியில் வலியில் இருந்தவளே தலையைத் தூக்கி, "நர்ஸக்கா, நானும் இறங்கித் தள்ளட்டுமா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த தடவை தள்ள ஆள் இல்லாத இடத்தில் நின்றால் என்ன செய்வேன்? எங்கள் சுகாதார நிலையத்தில் வேறு வண்டி கிடையாது.

வீட்டிலேயே ஒரு மெக்கானிக்கை வைத்துக்கொண்டு உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். தையல்காரம்மாவின் கார் எரிந்த நாளிலிருந்து உன் அத்தான் எந்தக் காரின் பானெட்டையும் திறக்கவில்லை. அந்த அம்மாவை வெளியே இழுத்ததில் அவருக்கு இரண்டு கையும் வெந்ததே, தோல் இப்போது மூடிவிட்டது. ஆனால் விரல்கள் பாதிதான் மடங்குகின்றன. ஒர்க்‌ஷாப் ஷட்டரில் அதிகாரிகள் வைத்த சீல் அப்படியே இருக்கிறது. இந்த மாதம் 28-ஆம் தேதி கடைசி விசாரணை. அன்று லைசென்ஸை நிரந்தரமாக ரத்து செய்வார்களா, திருப்பித் தருவார்களா என்று தெரிந்துவிடும்.

ரத்து செய்வார்கள் என்றுதான் தோன்றுகிறது. லிங்க் என்றால் என்னவென்று எனக்கும் இப்போது பாடம் ஆகிவிட்டது. சார்ஜிங் வயரின் நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு மெல்லிய வயர். எங்கேயாவது ஷார்ட் ஆனால் அது மட்டும் எரிந்து அறுந்து, மீதிக் காரைக் காப்பாற்றும். தையல்காரம்மா காரின் வேலைச் சீட்டில் "லிங்க் மாற்றியாயிற்று" என்று அத்தானின் கையெழுத்து இருக்கிறது. எரிந்த காரில் அந்த இடத்தில் இருந்தது வெறும் தடித்த வயர். நீயோ, "நான் விளக்கு வேலை மட்டும்தான் பார்த்தேன், சார்ஜிங் வேலை அத்தான் பார்த்தது" என்று எழுதிக் கொடுத்துவிட்டு மறுவாரமே மலையேறிவிட்டாய்.

நான் உன்னை நம்புகிறேன். அதுதான் கஷ்டம். உன்னை நம்பினால் அவரை நம்ப முடியவில்லை. அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிடும்போது அந்தக் கைகளைப் பார்க்கவே பிடிக்காமல் இருக்கிறது. அந்த நேரத்தில் ஓடிப்போன உன் மேல் ஆத்திரம் வருகிறது.

என் காரின் வயரிங் முழுக்க உன் கைவேலை. என்ன பார்க்க வேண்டும் என்று எழுது. மீட்டர் வீட்டில் இருக்கிறது. எனக்குக் கண்ணும் இருக்கிறது.

அக்கா

*

மார்ச் 6

அக்காவுக்கு,

தபால் வேன் மூட்டை இறக்கும் நேரத்துக்குள் எழுதுகிறேன். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தால் மன்னித்துக்கொள்.

முதலில் பேட்டரி டெர்மினல் இரண்டையும் கழற்று. வெள்ளையாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிச் சுரண்டி இறுக்கிப் போடு. காரில் பாதி வியாதி அங்கேதான்.

இரண்டாவது ஃபேன் பெல்ட். நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. தொளதொளவென்று இருந்தால் ஆல்டர்னேட்டர் சரியாகச் சுற்றாது, கரண்ட் வராது.

மூன்றாவது, வண்டி சும்மா நிற்கும்போது எதுவாவது கரண்ட் குடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்று. கழற்றிய வயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் ஒரு சின்ன பல்பைக் கோர்த்துப் பிடி. பல்ப் பளிச்சென்று எரிந்தால் எங்கேயோ கசிகிறது. அப்போது ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கு. எதைப் பிடுங்கும்போது பல்ப் அணைகிறதோ அந்த லைனில்தான் திருடன்.

சார்ஜிங் பக்கம் ஒன்றும் இருக்காது. அது நான் பார்த்துப் பார்த்துப் போட்டது. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு வரும் வயரில் கை வைக்காதே.

இங்கே லாரிகளுக்கு விளக்கு வேலைதான். மூக்கு, வாய், தலையணை எல்லாம் கல் தூசி. அத்தான் கை எப்படி இருக்கிறது என்று கேட்க வாய் வருகிறது, கேட்க எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. வேன்காரர் ஹார்ன் அடிக்கிறார்.

தம்பி

*

மார்ச் 10

தம்பிக்கு,

நீ சொன்ன மூன்றையும் செய்தேன். ஜுரம் பார்த்து எழுதுகிற பழக்கத்தில் இதையும் ஒரு தாளில் குறித்துவைத்திருக்கிறேன்.

டெர்மினல் சுத்தம். வெந்நீர்தான் வீண், அதோடு என் காலிலும் கொஞ்சம். பெல்ட் கிண்ணென்று இருக்கிறது. பல்ப் பளிச்சென்று எரியவில்லை, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு மினுக்கல். கடிகாரத்தின் ஃபியூஸைப் பிடுங்கினதும் அதுவும் போய்விட்டது. ஒரு கடிகாரம் ஒரு பேட்டரியைக் குடித்துத் தீர்க்காது என்று எனக்கே தெரியும்.

அதற்கப்புறம் நானே ஒன்று செய்தேன். பேட்டரியை வெளியே கொடுத்து முழுக்க சார்ஜ் ஏற்றி வாங்கி வந்து மீட்டரை வைத்தேன். இன்ஜின் ஓடாதபோது 12.6. இன்ஜினை ஓடவிட்டு, விளக்கும் போட்டு, மறுபடி பேட்டரியில் வைத்தேன். 12.1. ஓடும்போது ஏறவேண்டாமா? இறங்குகிறதே! சாப்பாடு போடப் போட எடை குறைகிற குழந்தையைத் திரும்பத் திரும்பத் தராசில் வைப்பேனே, அப்படி மீட்டரைத் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தேன்.

இந்த எண்களை நான் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். உன் அத்தான் நாற்காலியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்கு மாதத்தில் காரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர், திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஆல்டர்னேட்டர் முனையில எவ்வளவு இருக்குன்னு பார்த்தியா? அங்கிருந்து பேட்டரிக்கு வர்ற வழியில எவ்வளவு விழுதுன்னு பாரு. அதை முதல்ல பார்க்கச் சொல்லலையா அவன்?" என்றார்.

சொல்லவில்லை என்றேன்.

ஏன் சொல்லவில்லை தம்பி? முதலில் பார்க்கவேண்டியதை விட்டுவிட்டு என்னை ஏன் ஊரைச் சுற்ற விட்டாய்? ஒரு கடிதம் போய் வர ஒரு வாரம் ஆகிறது. வியாழக்கிழமை கார் மறுபடி நின்றது. நல்லவேளை, அன்று ஊசி போடத்தான் போயிருந்தேன். திரும்ப நடந்து வந்தேன்.

அக்கா

*

மார்ச் 13

அக்காவுக்கு,

கோபித்துக்கொள்ளாதே. எளிதான வேலையிலிருந்து தொடங்கலாம் என்றுதான் அப்படிச் சொன்னேன். வேறொன்றுமில்லை.

அத்தான் சொன்னது சரி. இன்ஜினை ஓடவிட்டு விளக்கைப் போடு. மீட்டரின் ஒரு கம்பியை ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும் தடித்த முனையில் வை, மற்றதை பேட்டரி பிளஸ்ஸில் வை. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று காட்டும். 0.3-க்குள் இருந்தால் வயர் சரி. அதே மாதிரி ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் பார், அது எர்த் பக்கம். புடவைத் தலைப்பு பெல்ட்டில் மாட்டாமல் பார்த்துக்கொள்.

அளந்து எண்ணை மட்டும் எழுது. டேப்பைப் பிரிக்காதே. அதைத் திரும்பச் சுற்ற உனக்கு வராது, ஈரம் இறங்கிவிடும். ஏப்ரலில் எனக்கு விடுமுறை கிடைக்கும், 28-ஆம் தேதி எல்லாம் முடிந்த பிறகு நானே வந்து பார்க்கிறேன். அதுவரை தூரமாகப் போகும் வேலைக்குக் காரை எடுக்காமல் இருக்க முடியாதா?

அத்தான் என்னைப் பற்றி வேறு ஏதாவது கேட்டாரா?

தம்பி

*

மார்ச் 17

தம்பிக்கு,

காரை எடுக்காமல் இருக்க முடியாதா என்று கேட்கிறாய். பிள்ளை பெறப்போகிறவர்களிடம் ஏப்ரல் வரை பொறுத்துக்கொள்ளுங்கள், என் தம்பிக்கு விடுமுறை கிடைக்கவேண்டும் என்று சொல்லட்டுமா?

எண்கள் இவை. ஆல்டர்னேட்டர் முனையில் 14.9. பேட்டரியில் 12.1. நடுவில் மீட்டர் வைத்தால் 2.8. எர்த் பக்கம் 0.1. கழித்தல் கணக்கு எனக்கும் தெரியும். ஆல்டர்னேட்டர் ஒழுங்காகத்தான் கொடுக்கிறது, வழியில் யாரோ பிடுங்கிக்கொள்கிறார்கள்.

அதனால் டேப்பைப் பிரித்தேன். திட்டுவதானால் திட்டு. உன் வழக்கம் போல மெழுகு நூலைச் சுற்றி, அதன் மேல் என் பையிலிருந்து திருடிய பிளாஸ்திரியை ஒட்டி, தேதி எழுதியிருந்தாய். அந்தத் தேதி எண்ணெயில் ஊறிக் கரைந்துவிட்டது, ஒரு எழுத்தும் படிக்க முடியவில்லை. உள்ளே அந்த மெல்லிய லிங்க். பிடித்து இழுத்தால் ரப்பர் மாதிரி நீள்கிறது. அத்தானிடம் கேட்டேன். "உள்ளே கம்பி பாதி வெந்து போச்சு, மேல் தோல்தான் பிடிச்சுக்கிட்டு இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

லிங்க் எந்தக் கடையிலும் இல்லை. பழைய மாடல், வரவழைக்க இரண்டு வாரம் ஆகும் என்கிறார்கள். அதனால் நம் தெருக்கோடி 'அஞ்சு நிமிஷம்' இருக்கிறாரே, எந்த வேலைக்கும் அஞ்சு நிமிஷம் என்று சொல்லிவிட்டு அரை நாள் எடுப்பாரே, அவரிடம் பேசிவிட்டேன். "எதுக்கு லிங்க் கிங்க்கெல்லாம்? ஒரு தடித்த வயரை நேராப் போட்டுட்டா ஆயுசுக்கும் பிரச்சினை இல்லை" என்கிறார். எனக்கும் உதைக்கத்தான் செய்தது. தையல்காரம்மா கார் நினைவு வராமல் இருக்குமா? ஆனால் அவர் சத்தியம் செய்யாத குறை. "அந்த வண்டி எரிஞ்சது வயரால இல்லம்மா, பெட்ரோல் கசிஞ்சிருக்கும். நான் நூறு வண்டிக்குப் போட்டிருக்கேன்" என்கிறார். புதன்கிழமை காலை போட்டுத் தருகிறார். இரண்டு வாரம்தானே, பிறகு லிங்க் வந்ததும் மாற்றிக்கொள்ளலாம்.

அத்தான் உன்னைப் பற்றிக் கேட்கவில்லை. உன் கடிதம் வந்தால் உறையை மட்டும் பார்ப்பார்.

அக்கா

*

தந்தி
மார்ச் 20, காலை 10.40

தடித்த வயர் போடாதே. போட்டிருந்தால் காரைத் தொடாதே. அத்தானிடம் காட்டு. கடிதம் பின்னால். தம்பி

*

மார்ச் 20

அக்காவுக்கு,

தபால் வேனிலேயே ஏறி இரண்டு மணி நேரம் வந்து இந்தத் தபால் நிலையத்தில் தந்தி கொடுத்தேன். இப்போது அதே மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். தந்தி போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. இன்று புதன்கிழமை. உன் தெருக்கோடிக்காரர் காலையில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

தையல்காரம்மா காரில் தடித்த வயரைப் போட்டது நான்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நவம்பர் 14. அன்று இரண்டு காரும் பானெட்டைத் திறந்துகொண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றன, உன்னுடையதும் அந்த அம்மாவுடையதும். இரண்டிலும் லிங்க் பழசாகி இற்றுப்போயிருந்தது. கடையில் கிடைத்தது ஒன்றே ஒன்று. அத்தான் அதை என் கையில் கொடுத்து, "இதை அந்த அம்மா வண்டியில போடு. அக்கா வண்டி ரெண்டு நாள் இங்கேயே நிக்கட்டும், நான் சொல்லிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அதற்குப் பிறகுதான் நீ வந்தாய். சாயங்காலத்துக்குள் கார் வேண்டும், ஒருத்திக்கு நாள் நெருங்கிவிட்டது, ஒரு உயிருக்கு நீ பதில் சொல்வாயா என்று என்னைக் கத்திவிட்டுப் போனாய். உன் மேல் பழியைத் தள்ளவில்லை அக்கா. நீ கத்துவது எனக்குப் புதிதா? நான்தான் முடிவு செய்தேன். லிங்கை உன் காரில் போட்டேன். அந்த அம்மா காரில் ஒரு தடித்த வயரை வைத்துக் கட்டினேன். கடைக்குத் தையல் கொண்டுபோகிற வண்டி, உள்ளூரிலேயே ஓடுவது, இரண்டு நாளில் அடுத்த லிங்க் வந்ததும் கூப்பிட்டு மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அத்தான் திரும்பி வந்து, "போட்டாச்சா?" என்று கேட்டார். போட்டாச்சு என்றேன். உன் வண்டி எங்கே என்றதற்கு, பழைய லிங்கோடேயே நீ எடுத்துப்போய்விட்டாய் என்றேன். என் வார்த்தையை நம்பித்தான் கையெழுத்துப் போட்டார். அவர் பானெட்டைத் திறந்து பார்க்கவில்லை. என் வேலையை அவர் என்றைக்குத் திறந்து பார்த்தார்?

மறுநாள் காலையே எரிந்துவிட்டது. வயர் இன்ஜின் பக்கம் தகரத்தில் உரசி ஷார்ட் ஆகியிருக்கிறது. லிங்க் இருந்திருந்தால் அது அறுந்து கார் வெறுமனே நின்றிருக்கும். நான் போட்ட வயர் அறுந்துபோகவில்லை. அடுப்புக் கம்பி மாதிரி சிவந்திருக்கிறது.

அதிகாரி கேட்டபோது வாயில் பொய் தானாக வந்தது. அன்றைக்கு மட்டும் என்று நினைத்தேன். சொன்ன பிறகு அதைத் திரும்ப எடுக்கத் தைரியம் வரவில்லை. உன் காரின் டேப்பைப் பிரிக்காதே என்று நான் எழுதியது ஈரத்துக்காக இல்லை. அந்தப் பிளாஸ்திரியில் 14 என்று இருக்கிறது. அதைப் படித்தால் அந்த ஒரே லிங்க் எந்த வண்டிக்குப் போனது என்று அத்தானுக்குப் புரிந்துவிடும். நீ நின்று நின்று போகும் வண்டியில் பிரசவத்துக்குப் போகிறாய் என்று தெரிந்தும், 28-ஆம் தேதி தாண்டட்டும் என்று உன்னைச் சுற்ற விட்டேன். என்னை மாதிரி ஒரு கேடு கெட்டவன் உண்டா?

இன்னும் கேள். தேதி அழிந்துவிட்டது என்று நீ எழுதியதைப் படித்ததும் பெருமூச்சு விட்டேன். தப்பித்தேன் என்று நினைத்தேன். உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். இரண்டு வரி தள்ளி அந்த 'அஞ்சு நிமிஷம்' வந்துவிட்டார். அதிலும் "இரண்டு வாரம்தானே" என்று நீ எழுதியிருக்கிறாய். நான் அன்று நினைத்த அதே வார்த்தை. கல் லாரியின் கீழே படுத்திருந்தவன் எழுந்து ஓடினேன்.

இந்தக் கடிதத்துடன் ஒரு லிங்க் வைத்திருக்கிறேன். இங்கே குவாரியில் உன் காரின் மாடலில் ஒரு பழைய வண்டி கிடக்கிறது, அதிலிருந்து எடுத்தது, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டேன். அத்தானைப் போடச் சொல். அவர் போடாவிட்டால் கார் நிற்கட்டும்.

கார் எரியவில்லை என்று ஒரு வரி எழுது.

தம்பி

*

மார்ச் 23

தம்பிக்கு,

எரியவில்லை.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கே 'அஞ்சு நிமிஷம்' வந்து வயரைப் போட்டுவிட்டார். மீட்டரில் 14.2 காட்டியது. எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, பத்து மணிக்கு ஒரு பிரசவக் கேஸுக்குக் கிளம்பினேன். தோட்ட வீடுகள் இருக்கும் பக்கம், ஒன்பது மைல்.

தந்தி வந்தபோது வீட்டில் அத்தான் மட்டும். அவர் அதை எத்தனை தடவை படித்தாரோ தெரியாது. அங்கேயே ஆகிவிடும் என்று மதியம் வரை பார்த்தும் பிரசவம் ஆகவில்லை. நான் அந்தப் பெண்ணைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து பின் சீட்டில் படுக்க வைத்து, கதவைச் சாத்தி, சாவியைப் போடுகிறேன், எதிரே ஒரு ஆள் சைக்கிளில் தலைதெறிக்க வருகிறார். யாரோ பைத்தியம் என்று நினைத்தேன். கிட்டே வந்து சைக்கிளோடு காரின் முன்னால் விழுந்தார். அப்புறம்தான் யாரென்று தெரிந்தது. ஹேண்டில்பாரைப் பிடித்துப் பிடித்து இரண்டு உள்ளங்கையும் கிழிந்து ரத்தம். "அணைச்சிடு, சாவியை எடு" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதே கிடையாது.

நான்கு மாதத்துக்குப் பிறகு பானெட்டைத் திறந்தார். நம் 'அஞ்சு நிமிஷம்' அந்த வயரைச் சைலன்சர் பைப்பின் மேலேயே படுக்க வைத்திருந்தார். அந்த ஒன்பது மைலில் மேல் தோல் உருகி, ஒரு இடத்தில் செம்பு தெரிந்தது. வயரை அறுத்து எறிந்தார். ஆல்டர்னேட்டர் வேலை செய்யாதபடி அதன் சின்ன பிளக்கையும் பிடுங்கினார். "பேட்டரி நிறைஞ்சிருக்கு, பகல்தான், விளக்குப் போடாதே. ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்கும். எங்கேயும் நிறுத்தாம போ" என்றார். போனேன். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தார். பெண் குழந்தை, மூன்று கிலோ.

இன்று உன் கடிதம் வந்தது. படித்துவிட்டு அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "தந்தியிலயே எல்லாம் இருந்துச்சு" என்றார். நீ அனுப்பிய லிங்கை மட்டும் எடுத்துக்கொண்டு காரிடம் போனார். மடங்காத விரல்களால் அதைப் போட அவருக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நான் உதவிக்குப் போனேன், தள்ளி நிற்கச் சொன்னார். இப்போது நடுவில் 0.2-தான் விழுகிறது.

உன்னை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீ இங்கே எதிரில் இருந்திருந்தால் அறைந்திருப்பேன். அந்த அம்மாவுக்கு வலது கை தோள் வரைக்கும் வெந்துபோய், இன்றுவரை கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை. அவருக்குப் போகவேண்டிய லிங்க் என் காரில் இருந்திருக்கிறது. நான்கு மாதம் அதை வைத்துக்கொண்டு நான் ஊர் சுற்றியிருக்கிறேன். நான் அன்று ஒர்க்‌ஷாப்பில் கத்தியது நன்றாக நினைவிருக்கிறது. மறந்துவிட்ட மாதிரி இருந்துவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

உன் கடிதத்தை நான் விசாரணையில் கொடுக்கலாம். அத்தான் வேண்டாம் என்கிறார். "அவனாச் சொன்னா சொல்லட்டும். பிடிச்சுக் கொடுக்கிற வேலை நமக்கு வேண்டாம்" என்கிறார். எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது, ஆனாலும் அவர் பேச்சைக் கேட்கிறேன். இந்தக் கடிதம் உனக்கு 27-ஆம் தேதி கிடைக்கும். அன்று சாயங்காலம் அங்கிருந்து ஒரு பஸ் இருக்கிறது. 28, வியாழன், காலை பத்து மணி, வாகன அலுவலகம், இரண்டாவது மாடி.

அக்கா

*

மார்ச் 28
பஸ் நிலையம்

அக்காவுக்கு,

என்னை நீ பின் வரிசையிலிருந்து பார்த்தாய். சொன்னதெல்லாம் கேட்டிருப்பாய். அதன் பிறகு உள்ளறையில் நடந்தது உனக்குத் தெரியாது. அதை எழுதிவிட்டுப் போகிறேன்.

எழுதி வாங்கிக்கொண்டார்கள். பொய் சாட்சி சொன்னதற்கும் வேலையில் செய்ததற்கும் சேர்த்து வழக்கு வரும், கூப்பிடும்போது வரவேண்டும் என்றார்கள். வருவேன். இந்தத் தடவை எந்த மலைக்கும் ஓடமாட்டேன்.

தையல்காரம்மா உள்ளேதான் இருந்தார். கையைத் துணியால் மூடியிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எனக்குச் சொல்லியிருக்கலாமே தம்பி? ரெண்டு நாள் வண்டி எடுக்காதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் எடுத்திருக்கவே மாட்டேனே?" என்றார். அத்தானும் அன்று உன் காரைப் பற்றி அதைத்தானே சொன்னார், ரெண்டு நாள் நிக்கட்டும் என்று. எனக்கு அது தோன்றவே இல்லை அக்கா. இரண்டில் எந்தக் காருக்கு லிங்க் என்று மட்டும்தான் யோசித்தேன். அந்த அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்லலாம் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை.

படியில் இறங்கும்போது அத்தான் என் தோளில் கை வைத்தார். அந்தக் கையை அங்கே வைத்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. அதனால்தான் உங்களோடு வீட்டுக்கு வராமல் போகிறேன். கோபத்தில் போகிறேன் என்று நினைக்காதே.

தம்பி

*

மார்ச் 31

தம்பிக்கு,

நேற்று அதிகாரிகள் வந்து ஷட்டரில் இருந்த சீலை உடைத்துவிட்டுப் போனார்கள். லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உள்ளே ஒரே எலிப் புழுக்கை. நானும் அத்தானும் நாள் முழுக்கக் கூட்டிக் கழுவினோம். அஞ்சு நிமிஷமும் வந்து ஒரு வாளித் தண்ணீர் தூக்கினார். முகத்தில் ஈ ஆடவில்லை. இதுவரை தடித்த வயர் போட்ட வண்டிகளையெல்லாம் தேடிப் பிடித்து மாற்றப்போகிறாராம். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். பழக்கதோஷம், என்ன சொன்னார் என்று உனக்கே தெரியும்.

தையல்காரம்மா வீட்டுக்கு இன்று காலை போனேன். இனி நாள்தோறும் அவர் கைக்குப் பயிற்சி கொடுக்க நானே போகிறேன். உள்ளே கூப்பிட்டார், உட்காரச் சொன்னார். துணியை விலக்கிக் கையை நீட்டினார். அதற்கு மேல் நானும் எதையும் எதிர்பார்க்கவில்லை.

வழக்குக்கு வரும்போது பஸ் நிலையத்திலேயே கிடந்துவிட்டுப் போகாதே. வீட்டுக்கு வா. என் கோபம் தீரவில்லை, அது எப்போது தீரும் என்றும் தெரியாது. நீ பொய் சொன்னதற்குக் கோபம், லிங்கை எனக்குக் கொடுத்ததற்கும் கோபம். கோபத்தோடேயே சோறு போடுகிறேன், வந்து சாப்பிடு.

இன்னொன்று இருக்கிறது. அதை யாரிடமாவது சொல்லாவிட்டால் என் நெஞ்சு வெடித்துவிடும், உன்னைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்?

நேற்று ஒர்க்‌ஷாப்பைக் கழுவி முடித்து, இரண்டு பேரும் ஷட்டர் ஓரம் உட்கார்ந்திருந்தோம். ஒரு வாரமாக உள்ளே வைத்துப் புழுங்கினதைக் கேட்டேன். "அவன்தான் போட்டாச்சுன்னு சொன்னான்னு எங்கிட்ட ஏன் சொல்லல? ஊருக்கு வேண்டாம், எனக்குச் சொல்லியிருக்கலாமே?" என்றேன். உன்னைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "சொன்னேனே" என்றார். "எப்போ?" என்றேன். "முதல் நாளே. ஆஸ்பத்திரியில, நீ எனக்குக் கட்டு மாத்தும்போது. தம்பி போட்டாச்சுன்னு சொன்னான், நான் திறந்து பார்க்கலன்னு ஆரம்பிச்சேன். நீ, 'பேசாதீங்க, பேசினா வலி கூடும், புண்ணு ஆறட்டும்'னு சொல்லிட்டு அடுத்த கையைப் பிரிச்ச. சரி, நீ கேட்க விரும்பலைன்னு விட்டுட்டேன்."

அப்படித்தான் நடந்தது தம்பி. எனக்கு இப்போது நன்றாக நினைவு வருகிறது. கட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டே அவர் வாயை அடைத்தேன். எல்லா நோயாளிகளிடமும் சொல்வதைத்தான் அவரிடமும் சொன்னேன். அந்தக் கட்டை எவ்வளவு அழகாகப் போட்டேன் என்றுகூட நினைவிருக்கிறது.

அக்கா